சலாபத் தெருக் குழி

"அந்த இடத்துல எங்க குழி எதுவும் இல்லையே மேடம்" என்றது போன்.

உமாராணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் முறைத்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தாள்.

"அப்போ எங்க வீட்டுக்காரவிய எதுக்குள்ள போய் விழுந்தாவ? உங்க ஆபீஸுக்குள்ளயா?"

"நான் அப்படிச் சொல்லல மேடம். சலாபத் தெரு முக்குல நாங்க எந்த வேலையும் எடுக்கல. அதனால அது மாநகராட்சிக் குழி இல்ல."

"குழியில என்ன பேரா எழுதியிருக்கு? ரோடு உங்க ரோடு. ரோட்டுல கிடக்கிற குழி மட்டும் உங்க குழி இல்லையா?"

மறுமுனையில் இருந்த உதவிப் பொறியாளர் சரண்யாதேவி வயதில் சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மழைக்காலத்தை முழுசாகப் பார்க்கவில்லை. "செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். செக் பண்ணிவிட்டுக் கூப்பிட்ட அதிகாரி இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தால், அவருக்குத் தன் கையாலேயே பொன்னாடை போர்த்துவதாக உமாராணி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதுவரைக்கும் பொன்னாடைக்கு வேலை வரவில்லை.

கூடத்தில் பாண்டியராஜன் வலது காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. போன ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போன மனுஷன். முந்தின நாள் மழையில் சலாபத் தெரு முக்கில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. கணுக்கால் தண்ணீர்தானே என்று காலை வைத்தார். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார். இந்தத் தூத்துக்குடியில் முத்துக்காக முங்கினவர்கள் உண்டு, சங்குக்காக முங்கினவர்களும் உண்டு. ஆட்டுக்கறியோடு முங்கி, கறிப்பையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்தபடி எழுந்தவர் பாத்திரக்கடை பாண்டியராஜன் ஒருவர்தான். கறிக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் எலும்பில்தான் விரிசல்.

"ஏளா, ஒரு டீ போடேன்" என்றார்.

"இப்ப டீயா முக்கியம்? ஒருத்தி என்னடான்னா குழியே இல்லைங்கா."

காலையிலிருந்து இதே கதைதான். கரண்டுக்காரர்களைக் கேட்டால் குடிதண்ணீர்க்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். குடிதண்ணீர்க்காரர்கள் கேபிள்காரர்களைக் கை காட்டினார்கள். கேபிள்காரர்களோ நாங்கள் குழி தோண்டினால் மூடுவதே கிடையாது, ஆனால் இது நாங்கள் தோண்டினது இல்லை என்றார்கள். அவ்வளவு நேர்மையாகச் சொன்னதால் அவர்களை மேற்கொண்டு திட்டவும் முடியவில்லை. இத்தனை ஆபீஸ் இருக்கிற ஊரில் ஒரு குழி அநாதையாகக் கிடக்கிறது என்பதை நினைக்க நினைக்க உமாராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழி நேற்று வந்ததில்லை. பல மாதமாகவே கிடக்கிறது. காய்ந்து கிடந்தவரைக்கும் தெருவே அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்குச் சுற்றிப் போவதென்றால் அவ்வளவு இஷ்டம். அடுத்த தெருவில் குடியிருக்கிற உமாராணியும் ஸ்கூட்டியில் அதைச் சுற்றித்தான் போனாள். அதைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை.

"நான் சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க" என்று புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அடுத்த மழைக்குள்ள அந்தக் குழி மூடியாகணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைய நடக்கிற தெரு அது. அதோட, தோண்டினவன் எவனா இருந்தாலும் உங்க முன்னால வந்து நிக்கணும். நான்தான் தோண்டுனேன், தப்பு எம்மேலதான்னு சொல்லி மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் நான் அடங்க மாட்டேன்."

"எனக்கு மன்னிப்பு வேண்டாம்ளா. டீ போதும்."

அவள் அடுத்த போனைப் போட்டுவிட்டாள்.

உமாராணி சும்மா ஆள் இல்லை. கடலோரப் பொதுநலக் குழுவின் செயலாளர். வியாழக்கிழமை சாயங்காலம் வன்னியபெருமாள் அண்ணாச்சியின் கருப்பட்டிக் கடை மாடியில் குழு கூடும். அண்ணாச்சிதான் தலைவர். பெயர்ப் பலகையில் குழுவின் பெயரைவிடப் பெரிதாக 'எக்கட்சியும் சாராதது' என்று எழுதியிருக்கும். கடற்கரையில் குப்பை பொறுக்குவார்கள், ரத்ததான முகாம் நடத்துவார்கள். போன வருஷம் தெருத்தெருவாக மரம் நட்டார்கள். கன்று நடுவது, போட்டோ எடுப்பது, பிரியாணி சாப்பிடுவது என்று அன்றைக்கு எல்லாம் சிறப்பாகத்தான் நடந்தது. அடுத்த வாரம் ஆடுகள் வந்து மரக்கன்றுகளைச் சாப்பிட்டன. அதையும் சிறப்பாகத்தான் செய்தன.

குழி விஷயம் கூட்டத்துக்கு வந்தது. மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி, உமாராணியே கையெழுத்துப் போட்டாள். மூடுகிறவரைக்கும் ஒரு கம்பு நட்டுத் துணி கட்டி வைப்போம், யாரும் விழாமல் இருப்பார்கள் என்று முடிவாயிற்று. எந்த நிறத் துணி என்பதில்தான் வில்லங்கம்.

"சிவப்பு கட்டுவோம். ஆபத்துக்குச் சிவப்புதான" என்றாள் உமாராணி.

"சிவப்பு ஒரு கட்சி" என்றார் வன்னியபெருமாள்.

"அப்போ மஞ்சள்."

"அதுவும் ஒரு கட்சிதாம்மா. போன தேர்தல்ல நின்னாவளே."

"பச்சை?"

"கூட்டணி மாறினா வம்பு."

"கருப்பு கட்டுவோம் அண்ணாச்சி."

"கருப்பு கட்டினா கண்டிக்கோம்னு அர்த்தம். யாரக் கண்டிக்கியன்னு கேப்பாவ."

"கண்டிக்கத்தான செய்யுதோம்."

"குழியக் கண்டிக்கலாம். ஆளக் கண்டிக்கப்படாது. நாம பொது."

"வெள்ளை?"

"யாரு வீட்டுல துட்டின்னு கேட்டு மாலையோட வந்து நிப்பாவ."

பொருளாளர் நேசக்குமார் தொண்டையைச் செருமினார். நாசரேத் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். எதையும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அவர் செருமி முடிப்பதற்குள் உமாராணி பேசி முடித்துவிடுவாள். குழுவில் இது பழகிப்போன ஏற்பாடு.

"அக்கா, அந்தக் குழியப் பத்தி ஒரு விஷயம்..."

"தம்பி, துணி விஷயம் முடியட்டும். எல்லாரும் குழியப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம், நீங்க வேற தனியா எதுக்கு?"

கடைசியில் உமாராணியே ஒரு வழி சொன்னாள். அவளிடம் ஒரு பழைய ரோஸ் சேலை இருக்கிறது. அந்த நிறத்தில் இன்னும் எந்தக் கட்சியும் கை வைக்கவில்லை. எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். யாருக்கும் ஒரு கட்சியும் தோன்றவில்லை. அன்றைக்கே கம்பு நட்டு, சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் உமாராணி பார்க்கப் போனபோது கம்புக்குக் கீழே ஒரு கூட்டம் நின்றது. ஒருவன் கொடியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கட்சி பேரு என்ன?" என்றான்.

"எந்தக் கட்சி?"

"இந்தா, ரோஸ் கலர் கட்சிதான். உறுப்பினர் அட்டை எங்கன தாராவ?"

"ஏலே, இது கட்சி இல்ல. இது என் சேலை."

"அப்போ சேலைதான் சின்னமா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். குழிக்குள் யார் விழுந்தாலும் எட்டிப் பார்க்காத கூட்டம், கொடி என்றதும் குளித்துத் தலைசீவி வந்து நிற்கிறது.

சாயங்காலத்துக்குள் சேலைக்குப் பக்கத்தில் இன்னொரு கொடி ஏறிவிட்டது. நேற்று வந்தவனுக்கே முக்கில் கொடி இருந்தால் காலங்காலமாக இருக்கிற நாங்கள் என்ன தக்காளித் தொக்கா என்று ஒரு கட்சிக்காரர் கேட்டாராம். அவர் கொடியைப் பார்த்து இன்னொருவர் அதைவிட உயரமான கம்பு கொண்டுவந்தார். ரெண்டு நாளில் குழிக்கு நாலு பக்கமும் கொடி பறந்தது. கொடிகளுக்கு நடுவில் குழிதான் தெரியவில்லை. தயிர்க்காரர் ஒருவர் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து சைக்கிளோடு உள்ளே விழுந்தார். தயிர் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் விழுந்ததில் ஒரு கம்பு சாய்ந்துவிட்டது, அது யார் கம்பு, ஏன் குறிப்பாக அந்தக் கம்பு சாய்ந்தது என்பதுதான் பேச்சு. பேச்சு முற்றிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் கொடிகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

"இது பிரச்சினைக்குரிய இடம். சமாதானக் கூட்டம் முடியிறவரைக்கும் இங்கன யாரும் எதையும் தொடக்கூடாது."

"சார், நாங்க குழிய மூடணும்" என்றாள் உமாராணி.

"குழியில சட்டம் ஒழுங்கு ஒண்ணும் கெடலம்மா. கொடியிலதான் கெடுது."

சமாதானக் கூட்டத்தில் எல்லோரும் கொடியை எடுத்துவிடச் சம்மதித்தார்கள். ஆனால் முதலில் வந்த கொடிதான் முதலில் போகவேண்டும் என்றார்கள். உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேலைத் தலைப்பை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பாண்டியராஜன் அதைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இது நம்ம கல்யாண நாளுக்கு நான் எடுத்துக் குடுத்ததுல்லா?"

"பழசுங்க."

"குழிக்கா கட்டுன?"

உமாராணி அன்றைக்குக் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். இந்தச் சேலையையும் சேர்த்து, குழி தோண்டினவனின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

கொடி போனதும் குழி மூடப்பட்டுவிடும் என்று நினைத்தால் நினைத்தவர்தான் முட்டாள். சமாதானக் கூட்டத்திலேயே ஒவ்வொரு கட்சிக்காரரும் அந்தக் குழியை நாங்களே மூடித் தருகிறோம் என்று வீரம் பேசிவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஒருவர் லாரியில் மணல் கொண்டுவந்து தெருவின் இந்தப் பக்கம் கொட்டினார். அவர் மூடிப் பெயர் வாங்கிவிடுவாரே என்று இன்னொருவர் அந்தப் பக்கம் ஜல்லியைக் கொட்டினார். ஜல்லி அடியில் போனால்தான் மணல் நிற்கும் என்றது ஜல்லிக் கட்சி. எங்கள் மணல் விழாமல் ஒரு கல் விழாது என்றது மணல் கட்சி. ஆளுக்கொரு நாற்காலி போட்டு அவரவர் குவியலுக்குக் காவல் உட்கார்ந்தார்கள். நடுவில் குழி திறந்தபடியே கிடந்தது. சலாபத் தெருவில் இப்போது ஆட்டோ போகவில்லை, பள்ளிக்கூட வேன் போகவில்லை, சைக்கிளைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

மீன் விற்கிற பேச்சிச்செல்வி தலையில் கூடையோடு மணல் குவியல் மேல் ஏறி இறங்கி, உமாராணி வீட்டு வாசலில் வந்து மூச்சு வாங்கினாள்.

"எக்கா, குழி மட்டும் இருந்தப்போ சுத்தியாவது போனோம். இப்போ நீங்க வந்து சுத்துற வழியையும் அடைச்சிட்டிய."

"நானா அடைச்சேன்?"

"எனக்கு என்ன தெரியும். தெருவுல அப்படித்தான் பேசுதாவ."

பொறுக்கிற குப்பைக்கும் கொடுக்கிற ரத்தத்துக்கும் இந்த ஊர் காட்டுகிற நன்றி இதுதான். வாசல் கதவை அவள் சாத்திய சாத்தலில் பாண்டியராஜனின் கால் ஸ்டூலிலிருந்து நழுவியது.

அந்த நேரம் பார்த்துச் சரண்யாதேவி நேரில் வந்தாள். செக் பண்ணிவிட்டு ஒரு அதிகாரி வந்துவிட்டாள் என்று உமாராணிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. சரண்யாதேவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பொதுப்பாதையை மறித்ததற்காகக் கடலோரப் பொதுநலக் குழுவுக்கு நோட்டீஸ்.

"மணலக் கொட்டினது ஒருத்தன். ஜல்லியக் கொட்டினது இன்னொருத்தன். நோட்டீஸ் எனக்கா?"

"அவங்க யாரும் அட்ரஸ் குடுக்கல மேடம். நீங்க மட்டுந்தான் பேர், அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் போட்டு மனு குடுத்திருக்கீங்க."

உமாராணி அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சரண்யாதேவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணல் குவியலில் ஏறி, எட்டிப் பார்த்தாள்.

"மேடம், இது சதுரமா இருக்கு. டிரைனேஜுக்கோ பைப்புக்கோ இப்படித் தோண்ட மாட்டாங்க. இது வேற எதுக்கோ தோண்டினது."

"வட்டமா இருந்தா ஒத்துக்கிடுவியளோ? உங்களுக்குக் குழியில ஜாதகம் பாக்கணுமா?"

"இல்ல மேடம், நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனிமே நான் யாரையும் கேக்கப்போறதில்ல. நாங்களே மூடுதோம். ஊரக் கூட்டி, மேடை போட்டு, மைக்கு வச்சு மூடுதோம். நீங்களும் வந்து நின்னு பாருங்க."

அந்த வாரம் கருப்பட்டிக் கடை மாடியில் கூட்டம் சூடாக நடந்தது. மணல், ஜல்லி ரெண்டு கட்சிக்காரர்களும் அதற்குள் இறங்கி வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே ஆட்டோ கிடைக்காமல் கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலையோடு குவியல் தாண்டிப் போக நேர்ந்து, சோறு போடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். கட்சி பார்க்காத பொது ஆள் யாராவது ஆரம்பித்து வைத்தால் மணலையும் ஜல்லியையும் விட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

"அப்போ சீஃப் கெஸ்ட் வேணும்" என்றார் வன்னியபெருமாள்.

"குழிய மூட எதுக்கு அண்ணாச்சி சீஃப் கெஸ்ட்? மம்பட்டி போதாதா?"

"நம்ம குழு என்னைக்கு சீஃப் கெஸ்ட் இல்லாம ஒரு கூடை மண்ணு அள்ளியிருக்கு? வழக்கத்த மாத்தப்படாது."

கட்சி சாராத பெரிய மனிதரைத் தூத்துக்குடியில் தேடுவது, உப்பளத்தில் நிழல் தேடுகிற வேலை. டாக்டர் என்றால் அவர் மருமகன் வட்டச் செயலாளர். வக்கீல் என்றால் அவரே எப்போது வேண்டுமானாலும் சேர்ந்துவிடுவார். வழக்கம்போலத் தேடித் தேடிக் கடைசியில் கேப்டன் ரோச்சிடமே வந்து நின்றார்கள். துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கூட்டிவருகிற பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பலை எந்த வருஷம் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேட்டால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்டால் அவர் வீட்டம்மாவுக்கே சொல்ல மாட்டார்.

"அவரா?" என்று உமாராணி முகத்தைச் சுளித்தாள். "போன வருஷம் மரம் நடு விழாவுக்கே ரயில்வே கேட்ட அடைச்சிட்டாவன்னு சொல்லி எல்லாம் முடிஞ்ச பெறவுதான வந்தாரு. நான் வெயில்ல காத்துக் கெடந்து, தலைவலி வந்து, வீட்டுக்குப் போயிட்டேன்."

"வந்தாருல்லா. நேசக்குமார்தான் பாத்து அனுப்புனாரு" என்றார் வன்னியபெருமாள்.

"நான்தான போன்ல சொன்னேன், எதையாவது பண்ணி மரியாதையா அனுப்பி வைங்கன்னு."

நேசக்குமார் செருமினார். "அக்கா, அன்னைக்கு நடந்ததத்தான் நான் கொஞ்ச நாளா..."

"தம்பி, இந்தத் தடவையும் அவரு லேட்டா வந்தா நீங்கதான் பொறுப்பு. காலையிலேயே போய்க் கையோட கூட்டிட்டு வாங்க. வேற ஒண்ணும் பேசாதிய."

நேசக்குமார் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விழா நாளன்று கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு மூடாவிட்டால் குழி மறுபடியும் நிறைந்துவிடும். குழிக்குப் பக்கத்திலேயே மேடை. 'குழி மூடு விழா' என்று பிளெக்ஸ், அதற்கு மேலே 'எக்கட்சியும் சாராதது'. ஒரு பக்கம் மணல் கட்சி, மறு பக்கம் ஜல்லிக் கட்சி. சரண்யாதேவி ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சிச்செல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பாண்டியராஜனை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து முதல் வரிசையில் வைத்திருந்தார்கள். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். உங்கள் காலுக்காகத்தானே இத்தனையும் என்று உமாராணி விடவில்லை. கேப்டன் ரோச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து வெள்ளைச் சட்டையில் மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

உமாராணி மைக்கைப் பிடிக்கப் போகும்போது நேசக்குமார் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, கேப்டன் பேசவேண்டாம். நேரா மண்ணப் போடச் சொல்லிருவோம்."

"ஏன், கட்சி ஏதும் பேசிருவாரா?"

"கட்சி பேசமாட்டாரு. அதில்லக்கா, வந்து..."

"கட்சி பேசலன்னா பேசட்டும். ஒரு பொது மனுஷன் வாயால இந்த ஊருக்கு உறைக்கட்டும்."

அன்றைக்கு அவள் பேசினதுபோல் அந்தத் தெருவில் யாரும் பேசினதில்லை. அவளுக்குள் இத்தனை நாள் கொதித்தது எல்லாம் வெளியே வந்தது.

"ஒரு குழி. அதத் தோண்டத் தெரிஞ்சவனுக்கு மூடத் தெரியல. கேட்டா, என் குழி இல்லங்கான். ஒவ்வொரு ஆபீஸா போய் நின்னேன். எவனுக்கும் வெக்கம் இல்ல. தோண்டிப் போட்டுட்டு வீட்டுல போய் நிம்மதியா தூங்கியிருக்கான். அவன் தூங்கின நேரத்துல எங்க வீட்டுக்காரவிய ஆஸ்பத்திரியில கிடந்தாவ. நாளைக்கு ஒரு பச்சப்பிள்ள விழுந்தா யாரு பதில் சொல்லுவா?"

பாண்டியராஜன் கூட நிமிர்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னதான் டீ போடாவிட்டாலும், தன் காலுக்காக ஒருத்தி ஊரையே எதிர்த்து நிற்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தோண்டினவன் இந்தக் கூட்டத்துக்குள்ளயே இருக்கலாம்" என்றாள் உமாராணி. மணல் கட்சி ஜல்லிக் கட்சியைப் பார்த்தது. ஜல்லிக் கட்சி சரண்யாதேவியைப் பார்த்தது. "இருந்தா இப்பவே வெளிய வரட்டும். அந்தா உக்காந்திருக்காவ எங்க வீட்டுக்காரவிய. அவிய முன்னால நின்னு மன்னிப்புக் கேக்கட்டும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, எந்தக் கட்சியும் சாராத ஆளா இருந்தாலும் சரி, நான் விடப்போறதில்ல."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேச்சிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் தயாராக நின்றார். வன்னியபெருமாள் ஒரு சின்னக் கூடையில் மண்ணை எடுத்துக் கேப்டன் ரோச்சிடம் கொடுத்தார்.

கேப்டன் கூடையோடு மேடையிலிருந்து இறங்கிக் குழிக்குப் பக்கத்தில் வந்தார். உள்ளே பார்த்தார். நிமிர்ந்து எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். துறைமுகத்துக்குள் கப்பலை நிறுத்துவதற்கு முன்னால் இப்படித்தான் பார்த்திருப்பார். நேசக்குமார் மெல்ல நகர்ந்து பிளெக்ஸுக்குப் பின்னால் போனார்.

கேப்டன் கூடையைக் கீழே வைத்தார். உமாராணி கையிலிருந்த மைக்கை மரியாதையோடு கேட்டு வாங்கினார்.

"தம்பி நேசக்குமார், போன வருஷம் செக்ரட்டரியம்மா சொல்லிட்டாங்கன்னு என் வேப்பங்கன்னுக்கு நீங்க அவசர அவசரமா தோண்டுன குழிதான இது? நான் ஒரு கை மண்ணு போட்டதும், போட்டோ எடுத்தாச்சு சார், மிச்சத்த எங்க குழு போட்டுக்கிடும்னு சொல்லித்தான என்னைய அனுப்பி வச்சிய?"